பர்மா உளுந்தும் நம்ம ஊர் உளுந்தும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பருப்பு, எண்ணெய், இறக்குமதி பற்றியவை. புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருஷம் பயிர்க் கணக்கு எடுத்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பக்கத்து அனுபவத்தையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். உளுந்தில் இறக்குமதிப் பதிலீடு (வெளியிலிருந்து வாங்குவதை இங்கேயே விளைவிப்பது) பற்றி ஒரு மாதிரிக் கணக்கு போட்டு ஆய்வேடு எழுத வேண்டும். தன்னிறைவு விகிதத்தில் தொடங்கு என்கிறார் வழிகாட்டி. அது போதுமா, வேறு என்ன பார்க்க வேண்டும்? – மாணவி, திருவாரூர்

உளுந்தை எடுத்துக்கொண்டதே எனக்குச் சந்தோஷம். தொடங்குவதற்கு அந்த விகிதம் சரிதான். வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வருஷ ஆரம்பக் கையிருப்பு, அந்த வருஷ விளைச்சல், கப்பலில் வந்தது, இவை மூன்றும் வரவு. சாப்பிட்டது, விதைக்கு எடுத்து வைத்தது, வண்டு அரித்தது, வெளிநாட்டுக்குப் போனது, கடைசியில் மிஞ்சியது, இவை செலவு. வரவும் செலவும் சமமாக நிற்க வேண்டும். விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, வருகிற தொகையால் விளைச்சலை வகுத்தால் தன்னிறைவு விகிதம் கிடைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘சாப்பிட்டது’ என்ற வரியை யாரும் அளப்பதில்லை. மற்றதெல்லாம் போட்ட பிறகு மிஞ்சுவதைத்தான் அங்கே எழுதுகிறார்கள். அதனால் விளைச்சலில் தப்பு நடந்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

விளைச்சலை எப்படி எடுக்கிறோம் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். தற்செயல் எண்ணை வைத்து வயலில் ஒரு மூலையைக் குறித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் முளை அடித்துக் கயிறு கட்டுவோம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவோம். நெல்லில் இது சிக்கலில்லாத வேலை. நெல் அறுப்புக்கு முன்னாலேயே, நிற்கிற கதிருக்குள் தெளித்துவிடுகிற உளுந்தை நெல் தரிசு உளுந்து என்போம். அதில் நான் கயிறு பிடித்த ஒரு வயலை இன்னும் மறக்கவில்லை. அறுப்பு மெஷினின் டயர் இறங்கிய இரண்டு தடம் சாண் ஆழத்துக்கு வயலின் நீளம் முழுக்க ஓடியது. தடத்துக்குள் சேறு காய்ந்து ஓடு மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு செடி இல்லை. மெஷின் கக்கிய வைக்கோல் வரிசைக்கு அடியில் வெளிச்சம் காணாத செடிகள், வெளுத்து நூல் மாதிரி நீண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே தப்பிய பட்டையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகக் காய். கயிறு அந்தப் பட்டையில் விழுந்திருந்தால் அந்த ஊர் அமோக விளைச்சல். தடத்தில் விழுந்தால் பஞ்சம். என் சதுரம் பாதிக்குப் பாதி விழுந்தது. நான் எழுதிய எண் சரியான எண்தான். ஆனால் அந்த வயலில் என்ன நடந்தது என்பதை அது சொல்லவில்லை. இந்தத் தடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்தது, இறக்குமதி உளுந்தும் உள்ளூர் உளுந்தும் ஒரே சரக்கா என்ற கேள்வி. சர்வதேச நாணய நிதியத்தில் இருந்த பால் ஆர்மிங்டன் 1969இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரே பெயருள்ள சரக்கானாலும் எந்த நாட்டில் விளைந்தது என்பதை வைத்து வெவ்வேறு சரக்காக எடுத்துக்கொள், ஒன்றின் விலை ஏறினால் மக்கள் எந்த அளவுக்கு மற்றதற்கு மாறுவார்கள் என்பதை ஒரு நெகிழ்ச்சி எண்ணால் குறி என்றார். இன்றைக்கு உலக வணிக மாதிரிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. நீங்கள் அந்த எண்ணை வேறு எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வடக்கே உளுந்தைப் பருப்பாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது இட்லி மாவு. நம் வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “மாவு காணுமா?” ஒரு ஆழாக்கு உளுந்து உரலில் எவ்வளவு பொங்குகிறது என்பதை வைத்துக் கடையை மாற்றுகிற ஜனங்கள் நாம். பத்து மளிகைக் கடையில் உட்கார்ந்து, ‘பர்மா உளுந்து கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினால் யார் யார் மாறுவார்கள்’ என்று கேட்டு எழுதுங்கள். வீடு ஒரு பதில் சொல்லும், ஓட்டல் வேறு பதில் சொல்லும். இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுங்கள்.

இன்னொன்று. பாடப்புத்தக மாதிரியில் ‘உலக விலை’ என்று ஒன்று இருக்கும், நாம் எவ்வளவு வாங்கினாலும் அது அசையாது என்று எடுத்துக்கொள்வார்கள். உளுந்துக்கு அது பொருந்தாது. மியான்மர் உளுந்து விளைவிப்பது ஏறக்குறைய நமக்காகவே. ஒரு பெரிய விற்பவர், ஒரு பெரிய வாங்குபவர். டெல்லியில் ஒரு உத்தரவு போட்டால் ரங்கூனில் விலை ஆடும். இதை விட்டுவிட்டால் உங்கள் கணக்கு முழுக்கச் சாய்ந்துவிடும்.

நாங்கள் உளுந்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து விலை விழுகிறது. அதே நேரத்தில்தான் கப்பலும் வருகிறது. இது என்ன நியாயம்? – விவசாயி, நீடாமங்கலம்

உங்கள் கோபம் நியாயமானது. பர்மாவில் மழைக்காலம் முடிந்து விதைத்த உளுந்து மாசி, பங்குனி வாக்கில் கைக்கு வரும். தை மாதம் நாம் தெளித்ததும் பங்குனி, சித்திரையில்தான் களத்துக்கு வரும். இரண்டு அறுவடையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. 2021 மே மாதம் உளுந்தைத் தடையில்லாமல் இறக்கலாம் என்று மாற்றினார்கள். அப்புறம் கெடு வைத்து, பெரும்பாலும் மார்ச் 31 வரை என்று, நீட்டிக்கொண்டே வந்தார்கள். அதோடு மியான்மரிலிருந்து வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்குவதாக 2021இல் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் வேறு போட்டார்கள். கெடு எந்தத் தேதியில் முடிகிறது, நீட்டுவார்களா மாட்டார்களா என்பது தெரியாமலே நாம் தை மாதம் விதையைக் கையில் எடுக்கிறோம்.

2015ஐ நினைத்துப் பாருங்கள். துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து நாடு முழுக்கப் பயறு போட்டார்கள். 2016-17இல் விளைச்சலும் எக்கச்சக்கம், இறக்குமதியும் அறுபது லட்சம் டன்னுக்கு மேல். விலை ஆதார விலைக்கும் கீழே போனது. துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவு வைத்தது 2017 ஆகஸ்டில். அதற்குள் நம் ஜனங்கள் சரக்கை விற்றுவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருஷ விலையைப் பார்த்து இந்த வருஷம் விதைப்பதால் விலை ஏறி இறங்கிச் சுழல்வதைச் சிலந்தி வலை மாதிரி என்று பொருளாதாரத்தில் சொல்வார்கள். வரைந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வலையில் மாட்டுவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்கு இந்த வழக்கு புதிதும் இல்லை. 1930களில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வந்து குவிந்து நெல் விலை விழுந்தபோது, இறக்குமதிக்கு வரி போடு என்று தஞ்சாவூர் மிராசுதார்கள் கேட்டார்கள். 1937 வரை பர்மா இதே பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்தான் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி அடியோடு நின்றது. வராதே என்று சொன்ன அரிசிக்காக அப்புறம் ரேஷன் வரிசையில் நின்றார்கள். ஆகவே இறக்குமதியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வரி எவ்வளவு, அளவு எவ்வளவு, எந்த மாதம் என்பதை விதைப்புக்கு முன்னால், மார்கழியிலேயே சொல்லிவிட வேண்டும். அது கேட்கத் தகுந்த கோரிக்கை. அதைத்தான் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

2025-26க்கு உளுந்தின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிற மாதிரி உளுந்துக்கு இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

வீட்டில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டோம். எல்லாரும் மாறினால் இறக்குமதி நின்றுவிடாதா? – இல்லத்தரசி, பட்டுக்கோட்டை

உங்கள் வீடு மாறியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குச் சரிவருவது ஊருக்கே சரிவருமா என்று பார்க்கத்தான் மாதிரிக் கணக்கு. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரை வந்தது சுமார் 165 லட்சம் டன். அத்தனையும் ஒரே நாளில் நின்றால் கடலை எண்ணெய் என்ன விலைக்குப் போகும்? ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயிலை வாங்கி மாசத்தை ஓட்டுகிற வீடு என்ன செய்யும்? 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரம் போல நிறுத்தியபோதே நம் சந்தை பதறியதைப் பார்த்தோம்.

முடியவே முடியாது என்பதும் இல்லை. 1986இல் எண்ணெய் வித்துக்கென்று தனி இயக்கம் தொடங்கி, விதை, ஆதார விலை, கொள்முதல் எல்லாம் சேர்த்துச் செய்தார்கள். ஏழெட்டு வருஷத்தில் ஏறக்குறைய தன்னிறைவுக்கே வந்தோம். 1994இல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்து, அப்புறம் வரியையும் படிப்படியாக இறக்கியதும் அது கரைந்துபோனது. இப்போதும் அதே ஊசலாட்டம்தான். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரி 20 சதவீதம் போட்டார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2025 மே கடைசியில் 10 ஆக்கிவிட்டார்கள். கஜா புயல் 2018 நவம்பரில் உங்கள் தோப்புகளைச் சாய்த்தது. அதற்குப் பிறகு நட்ட கன்று பாளை விட எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது மாத வரியை நம்பி யார் மரம் வைப்பார்கள்?

உணவு இறக்குமதி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வர்த்தகப் பற்றாக்குறையும் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாமா? – வங்கி ஊழியர், கும்பகோணம்

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்து பூக்கும்போது நாம் அடிக்கிற டி.ஏ.பி. உரம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பாறையிலும் அமிலத்திலும் இங்கே செய்தது. பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. யூரியாவுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதியும் டீசலுக்கு வேண்டிய கச்சா எண்ணெயும் அப்படித்தான். ஒரு மூட்டை நம்ம ஊர் உளுந்துக்குள் எத்தனை ரூபாய் டாலர் ஒளிந்திருக்கிறது என்று கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சேமிப்பு என்று எழுத வேண்டும். அதோடு, அந்தப் பயிருக்காக எந்தப் பயிரை விட்டோம், அது ஏற்றுமதிப் பயிரா என்பதையும் கழிக்க வேண்டும். நம் நாடு அரிசியை விற்றுப் பருப்பும் எண்ணெயும் வாங்குகிற நாடு.

நெல் தரிசு உளுந்தை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான். அது எந்தப் பயிரின் இடத்தையும் பிடிப்பதில்லை. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடிவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு வயலில் தங்குகிற ஈரத்திலும் பனியிலுமே அது விளைகிறது. உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. செடி மண்ணுக்குத் தழைச்சத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. இவ்வளவு குறைந்த செலவில் ஒரு இறக்குமதியை ஈடுகட்டுகிற பயிர் வேறு இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது எங்கள் கடற்கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. தடை போட்டு ஜெயித்த நாடே கிடையாதா? – ஆசிரியர், வேதாரண்யம்

உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தது எந்த மாதிரிக் கணக்கிலும் இல்லை. 2019 டிசம்பரில் இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது, அங்கேயே விளைவிக்கலாம் என்று. அவர்கள் தேவையில் பெரும்பகுதி இங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் கிழங்கு விளைய ஒன்பது மாதம் வேண்டும். அதற்கு முன்னால் விதைக்கிழங்கு வேண்டும். சமையலறை அவ்வளவு நாள் காத்திருக்காது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, கிலோ சில நூறு ரூபாயில் இருந்தது சில ஆயிரத்துக்குப் போனது. விலை அப்படி இருந்தால் படகு போகத்தான் செய்யும். கணக்கில் இறக்குமதி பூஜ்யம். தட்டில் மஞ்சள் இருக்கிறது. அங்கேயே 2021இல் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்து, அரிசிக்கே வெளியே கை நீட்ட வேண்டிவந்தது.

ஜெயித்த உதாரணமாக ரஷ்யாவைச் சொல்வார்கள். 2014 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா முதலிய நாடுகளின் இறைச்சி, பால் பொருள், பழங்களைத் தடுத்தது. கோழியிலும் பன்றி இறைச்சியிலும் தன்னிறைவுக்கு வந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பண்ணைகளுக்கு 2000களின் நடுவிலிருந்தே கடனும் மானியமும் கொடுத்து, இறைச்சி இறக்குமதிக்கு அளவும் வைத்திருந்தார்கள். தடை வந்தபோது கொட்டகை தயாராக நின்றது. பாலிலும் ஆப்பிளிலும் அந்த வேகம் வரவில்லை. கறிக்கோழிக்கு நாற்பது நாள், பன்றிக்கு ஆறு மாதம், கறவைக்கு இரண்டரை மூன்று வருஷம், ஆப்பிள் மரத்துக்கு அதற்கும் மேல். திருவாரூர் மாணவி இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விலையை மட்டும் போடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் வேண்டும் என்பதையும் கணக்குக்குள் கொண்டுவரட்டும்.

வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஐந்து ஏக்கர் பார்க்கிறேன். அப்பா காலத்தில் எல்லா வயலிலும் உளுந்து இருந்தது. இப்போது டயர் வண்டி வந்து எல்லாம் போகிறது என்று யாரும் தெளிப்பதில்லை. தெளிக்கலாமா? – இளைஞர், வலங்கைமான்

தெளியுங்கள் தம்பி. முதலில் டயர் தடத்துக்கு வருகிறேன். கை அறுப்புக் காலத்தில் ஆள் மிதித்தால் செடி எழுந்துவிடும். இப்போது கை அறுப்புக்கு ஆள் இல்லை. எங்கள் பக்கம் ஆத்தூர், சேலத்திலிருந்து அறுப்பு வண்டிகள் வருகின்றன. டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற பெல்ட் வண்டி பாரத்தைப் பரப்பி ஓடுவதால் தடம் ஆழமாக விழாது. டயர் வண்டியைவிட மணிக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் அதிகம் கேட்பார்கள், ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். போன இரண்டு போகத்தில் என் ஒன்பது மாவில் ஆறு மா பெல்ட் வண்டி, மூன்று மா டயர் வண்டி. பெல்ட் ஓடிய பக்கம் ஏக்கருக்கு இரண்டரை மூட்டை கண்டது. டயர் ஓடிய பக்கம் ஒன்றரையைத் தாண்டவில்லை. 2025-26 ஆதார விலையில் நூறு கிலோ மூட்டை ஒன்று 7,800 ரூபாய், கூடக் கொடுத்த வாடகை அறுநூறு ரூபாய். இறக்குமதி வரியை எத்தனை சதவீதம் ஏற்றினால் இந்த ஒரு மூட்டை என் வீட்டுக்கு வந்திருக்கும்? எவ்வளவு ஏற்றினாலும் வந்திருக்காது. அந்த மூட்டை அறுப்பு அன்றைக்கே மண்ணுக்குள் போனது. பெல்ட் வண்டி வாடகையில் கூடுகிற தொகையைப் பயறு போடுகிறவர்களுக்கு அரசு கொடுக்கட்டும் என்று நான் மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரிலிருந்து எழுதுங்கள்.

இனி வேலை. அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுங்கள். மண்ணை எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் மெழுகு மாதிரி நிற்க வேண்டும், அந்தப் பதம்தான் கணக்கு. அதற்கு முந்தினால் விதை அழுகும், பிந்தினால் முளைக்காது. ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ, நிற்கிற கதிருக்குள் சீராகத் தெளிக்க வேண்டும். பழைய ஆடுதுறை 3 உளுந்து ரகம் நெல் தரிசுக்கு நன்றாக வரும், எழுபது எழுபத்தைந்து நாள் பயிர். விதையை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல். நாலு கிலோவை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, தெளிவை மட்டும் இறுத்து, இருநூறு லிட்டர் ஆக்கி ஒரு ஏக்கருக்கு அடிக்க வேண்டும். மஞ்சள் தேமல் பிடித்த செடியைப் பார்த்தவுடன் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும்.

2023 பிப்ரவரி மாதிரி அறுப்பு நேரத்தில் மழை கொட்டினால் எல்லாமே போகும், அதற்கு என்னிடம் வழி இல்லை. வைக்கோலை மட்டும் மறுநாளே சுருட்டி வெளியே எடுத்துவிடுங்கள். வரிசைக்கு அடியில் இருக்கிற முளை மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வண்டிக்காரரிடம் இப்போதே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள். தை பிறந்துவிட்டால் பெல்ட் வண்டி கிடைக்காது.